கோப்பினுள் தொலைந்த முத்து



விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு செல்கிறோம். அம்மா அடுக்களை அலமாரியை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். உப்பு இருந்த தட்டில் சீனி. சீனி இருந்த தட்டில் கடுகு. அடுக்களை நம்முடையதே, சாமான்களும் நம்முடையவையே. ஆனால் கை மட்டும் பழைய இடத்துக்கே போகிறது. முதல் நாள் தேநீரில் உப்பு விழுகிறது, வீடே சிரிக்கிறது. மறுவாரம் கை புதிய இடத்தைக் கற்றுக்கொள்கிறது. அதோடு கதை முடிந்தது.

இவ்வாண்டு மலர்க் குழுவைச் சேர்ந்த எங்கள் ஐவருக்கும் இதே அனுபவம் கணினி அறையில் நேர்ந்தது. ஆனால் அங்கே விழுந்தது ஒரு கரண்டி உப்பு அன்று. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறோம். அடுத்த ஆண்டு இந்த நாற்காலிகளில் அமரப்போகும் தங்கைகள் படித்துக்கொள்ளட்டும்!

முன்பெல்லாம் நம் மலருக்கான கட்டுரைகள் கோடிட்ட தாளில், கையெழுத்துப் படியாகவே அச்சகத்துக்குப் போகும் என்று மூத்த ஆசிரியைகள் சொல்வார்கள். இன்று பக்கங்களை நாங்களே கணினியில் அமைக்கிறோம். தலைப்பு எங்கே, படம் எங்கே, ஓரம் எவ்வளவு என்பதை முடிவு செய்வதும் நாங்களே. அதற்கென ஒரு வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் அதனுடையது அன்று என்பது போகப் போகத் தெரியும்.

அந்த மென்பொருளோடு கோப்புகளைப் பார்த்து எடுப்பதற்கு ஒரு சாளரம் உண்டு. முந்தைய ஆண்டு அக்காமார் எங்களுக்குக் கற்றுத் தந்தது அதைத்தான். இடப்பக்கம் மரம்போல் கிளைவிட்டு நிற்கும் உறைகள்: 'மலர்' என்ற உறைக்குள் 'கட்டுரை', 'கவிதை', 'படம்'; 'படம்' என்ற உறைக்குள் 'விளையாட்டு விழா', 'கண்காட்சி', 'ஆசிரியர் தினம்'. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் சிறு பெட்டி. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவோம். அந்தப் பெருமை எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அரையாண்டு விடுமுறை முடிந்து சனவரியில் கணினியைத் திறந்தோம். மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து மரத்தைக் காணோம்! அதன் இடத்தில் 'அண்மையில் திறந்தவை' என்று ஒரு வரிசை. 'தொகுப்புகள்' என்று இன்னொன்று. மேலே ஒரு தேடற்பெட்டி. நடுவே படங்கள் எல்லாம் பெரிது பெரிதாக, சந்தையில் கூறு வைத்தாற்போல.

"ஏட்டி, நம்ம வீட்டை யாரோ இடிச்சுக் கட்டிட்டாங்கட்டி!" என்றாள் எங்களுள் ஒருத்தி.

பழைய பதிப்பையே மீண்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கணினி ஆசிரியையிடம் கெஞ்சினோம். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த பக்கத்தைப் பழைய பதிப்பு திறக்காது என்று அவர்கள் விளக்கினார்கள். நாங்களோ அதற்குள் 6 பக்கங்களைச் சேமித்துவிட்டிருந்தோம். திரும்பிச் செல்லும் வழி அடைபட்டது.

"ஒரு மணி நேரம் சும்மா அதைச் சுற்றிப் பாருங்கள். எதையும் தொடாதீர்கள்" என்றார்கள் ஆசிரியை.

கேட்டோமா? இல்லை. பக்கங்களை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தெரியாத வீட்டைப் பழகிக்கொள்வதை விட, அதை நமக்குத் தெரிந்த வீடாக மாற்றிவிடுவோம் என்று துணிந்தோம். அன்று மாலை இரண்டு வேலைகள் செய்தோம், இரண்டும் தவறு.

முதல் தவறு இது. பழைய மரத்தை மீண்டும் வளர்க்க நினைத்து, புதிய உறைகளை உண்டாக்கிப் படங்களை அவற்றுக்கு இழுத்து நகர்த்தினோம். போகிற போக்கில் பெயர்களையும் மாற்றினோம்.

இரண்டாம் தவறு அதைவிடப் பெரிது. ஒரே படம் 'அண்மையில் திறந்தவை' வரிசையிலும் தெரிந்தது, உறையிலும் தெரிந்தது. இரண்டு பிரதிகள் இருக்கின்றன, வீணாக இடத்தை அடைக்கின்றன என்று எண்ணினோம். அந்த வரிசையில் நின்ற 18 படங்களையும் சில மாதிரிப் பக்கங்களையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து நீக்கினோம். "நிச்சயமாகவா?" என்று கணினி கேட்டது. நிச்சயம் என்றோம். துப்புரவில் பெயர்பெற்ற பள்ளியின் பிள்ளைகள் அல்லவா? குப்பைக் கூடையையும் காலி செய்துவிட்டு, கை தட்டி எழுந்தோம்.

மறுநாள் பக்கங்களைத் திறந்தபோது, படம் இருந்த இடந்தோறும் சிவப்பு அடையாளம்! படங்கள் மங்கலாக, பனிமூட்டத்தில் தெரியும் தோணிகள்போல நின்றன.

இதன் காரணத்தை இப்போது அறிவோம், நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். பக்க வடிவமைப்பில் நாம் வைக்கும் படம் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள் குடியேறுவதில்லை. படம் எந்த உறையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்ற முகவரியைத்தான் பக்கம் வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குக் காட்ட ஒரு மெல்லிய நிழலை மட்டும் உடன் வைத்திருக்கிறது. படத்தை வேறு உறைக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ, பழைய முகவரிக்குப் போன தபால்காரர்போலப் பக்கம் வாசலில் நின்று விழிக்கும். அப்படியே அச்சிட்டால் நிழல்தான் அச்சாகும்.

அதுபோலவே, 'அண்மையில் திறந்தவை' என்பது இன்னொரு பெட்டி அன்று, ஒரு சன்னல். ஒரே அறையை இரண்டு சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இரண்டு அறைகள் என்று நினைத்துவிட்டோம். ஒரு சன்னல் வழியே எடுத்து எறிந்தோம், அறையே காலியாயிற்று.

நகர்த்திய படங்களின் முகவரியை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்து இரண்டு நாளில் சரிசெய்தோம். நீக்கிய 18 படங்கள்தான் மிஞ்சின. ஆசிரியைகளின் கைபேசிகளையும் வீட்டுக் கணினிகளையும் தேடித் தேடி 17 படங்களைச் சேர்த்துவிட்டோம். ஒன்று மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

அந்த ஒன்று, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையாருடைய படம்.

அவர் சங்கு குளிப்பவர். ஆகஸ்டு மாதம் நம் பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு பை நிறையச் சங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் கடலில் எடுக்கும் சங்கு நெடுங்காலமாக வங்காளத்துக்குப் போய், அங்கே பெண்கள் அணியும் வளையலாகிறது என்பதையும், அளவுக்குக் குறைந்த சின்னச் சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதையும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நின்றார். யாரோ ஒரு குழந்தை, "சங்குக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நொடியில் பள்ளிப் புகைப்படக் கருவியில் எடுத்த படம் அது. வெள்ளைச் சட்டை, கையில் சங்கு, பின்னால் நீலத் திரை.

ஐப்பசியில் அவர் நோயுற்றுக் காலமானார். கார்த்திகையில் எங்கள் தோழி தன் தந்தையைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தாள். அந்தக் கட்டுரையின் நடுவில் அந்தப் படத்தை வைத்திருந்தோம். வீட்டில் கைபேசி உண்டு. ஆனால் படமெடுக்கத் தூக்கினாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அடையாள அட்டைகளில் உள்ள படத்தையும் திருமணப் படத்தையும் தவிர, அவர் முகம் நன்றாகத் தெரியும் படம் வேறு இல்லை. பள்ளிக் கருவியின் நினைவட்டையோ விளையாட்டு விழாவுக்காக எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது.

அந்த மாலையில் எங்களுக்குள் நடந்த பேச்சை மறைக்காமல் சொல்கிறோம். "கடல் படம் ஒன்றை வைத்துவிடலாம், யாருக்குத் தெரியும்?" என்றாள் ஒருத்தி. "மென்பொருள் மாறியதால் தானாக அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், பாதி உண்மைதானே?" என்றாள் மற்றொருத்தி. யாரும் மறுத்துப் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து மூன்றாமவள், "நிச்சயமாகவா என்று அது கேட்டதே!" என்றாள். அதற்குப் பிறகு எங்களால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஐவரும் எழுந்து மலர்ப் பொறுப்பாளர் சிஸ்டரின் அறைக்குப் போனோம்.

சிஸ்டர் முழுவதையும் கேட்டார்கள். கோபிக்கவில்லை. அது எங்களுக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"பதினெட்டில் பதினேழு கிடைத்துவிட்டன, சிஸ்டர்" என்றோம், ஏதாவது நல்லது சொல்லவேண்டுமே என்று.

"பதினேழைப் பற்றி நான் கேட்கவில்லையே" என்றார்கள். பிறகு, "முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்" என்றார்கள்.

வேப்பமரத்தடியில் அவளை நிறுத்திச் சொன்னோம். அவள் அழவில்லை. வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க. அந்தப் படத்துக்காகத்தான் மலர் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள். அன்றிரவு எங்களுள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒருத்தி புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். தொலைந்த பொருளுக்கு அவரிடம் போவதுதானே நம் ஊர் வழக்கம்!

மறுநாள் காலை சிஸ்டர் எங்களை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "அந்தப் படம் இந்தக் கணினியை விட்டு வேறு எங்காவது போயிருக்கிறதா?"

அந்தக் கேள்வி ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று இன்றும் வியக்கிறோம். திசம்பர் முதல் வாரத்தில், வண்ணம் எப்படி வரும் என்று பார்ப்பதற்காக ஒரே ஒரு பக்கத்தை மாதிரியாக அச்சகத்துக்கு அனுப்பியிருந்தோம். வெள்ளையும் நீலமும் ஒன்றாக வரும் பக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது... அந்தப் பக்கமேதான்! நாங்கள் நீக்கிய குவியலில் எங்கள் கைப்பிரதியும் போய்விட்டதால் அதை அடியோடு மறந்துபோனோம்.

மாலையில் சிஸ்டரோடு டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கத்துச் சந்தில் உள்ள அச்சகத்துக்கு ஓடினோம். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "மாதிரிப் பக்கமா? மாதிரியை யாராவது தூரப் போடுவாங்களா, பிள்ளைகளா?" என்று கேட்டபடியே தம் கணினியைத் திறந்தார். ஆண்டு, மாதம், வேலை எண், பள்ளியின் பெயர் என்று வரிசையாக உறைகள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கையில் சங்கோடு!

அச்சுக்கென்று உண்டாக்கும் பி.டி.எஃப். கோப்பில் முகவரி மட்டும் போவதில்லை. படமே முழுமையாக உள்ளே போய்விடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அதை அனுப்பியிருந்ததால், அதிலிருந்து படத்தைப் பிரித்தெடுத்து அதே அளவில் தெளிவாக அச்சிட முடிந்தது. எங்கள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணாச்சி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

பிறகு அவர் சொன்ன கதையை அப்படியே எழுதுகிறோம்.

"நான் 15 வயசில அச்சுக் கோக்க வந்தவன். கேசுல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அறை. கண்ணு கையெழுத்துப் படியில இருக்கும். கை தானா அறைக்குப் போவும். மூணு வருசம் பாடுபட்டுக் கை பழகுச்சு. அந்த நேரம் பாத்து 1978-ல சர்க்கார் எழுத்தையே மாத்திட்டாங்க!"

தோழியரே, நீங்களும் பாட்டி வீட்டுப் பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் மேல் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு இருக்கும். 'ணா', 'றா', 'னா' ஆகியவை காலின்றி, கீழே சுழித்து நிற்கும். பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் சீர்திருத்திய எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். 1978-இல் தமிழக அரசு அவற்றுள் ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. இன்று நாம் எழுதுவது அந்த வடிவம்தான்.

"பழைய 'லை' ஒரே அச்சு. புதுசுல கொம்பு தனி, 'ல' தனி. கை பழைய அறைக்கே போவும்; அங்க அந்த எழுத்து இருக்காது. ஒரு மாசம் திட்டு வாங்கினேன். கூட வேலை பாத்த ஒருத்தரு, 'எனக்கு இது வேண்டாம்'னு வேலையையே விட்டுட்டுப் போயிட்டாரு. எங்க முதலாளி என்ன செஞ்சாரு தெரியுமா? பழைய எழுத்தை உருக்கப் போடலை. துணிப் பையில கட்டி, மேல பேரெழுதி, பரண்ல வச்சாரு. 'புதுசு கைக்கு வர்றவரைக்கும் பழசை எறியாதே. எறியறதுக்கு முன்னால அது என்னன்னு பாரு'ன்னாரு. அதுக்கு அப்புறம் ஈய எழுத்தே போயிருச்சு, ஆஃப்செட்டு வந்துச்சு, பேஜ்மேக்கர் வந்துச்சு, இப்ப உங்க புது மென்பொருள். நாலு தடவை கேசு மாறிருச்சு. நான் இருக்கேனே!"

அண்ணாச்சி சொன்ன பேஜ்மேக்கரை ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. 1994-இல் ஆல்டஸ் அடோபி நிறுவனத்தோடு இணைந்தது. 1999-இல் அடோபி இன்டிசைன் என்ற புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. கோப்புகளைப் படமாகப் பார்க்கும் சாளரம் 2002-இல் ஃபோட்டோஷாப்பின் 7-ஆம் பதிப்புக்குள் வந்தது. 2005-இல் 'பிரிட்ஜ்' என்று தனி மென்பொருளாயிற்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உலகெங்கும் எத்தனை பேர் எங்களைப்போல் விழித்திருப்பார்கள்! இதை அறிந்ததும் எங்கள் புலம்பல் பாதியாகக் குறைந்தது.

திரும்பும் வழியில் சிஸ்டர் ஒன்று சொன்னார்கள். தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதை உருவாக்கியவர் நம் முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார். அந்த அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் நம் கடற்கரை மக்கள். "முத்துக் கோத்த கைகள் கொடுத்த காசில்தான் தமிழில் அச்சுக் கோத்தார்கள்" என்றார்கள் சிஸ்டர். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முத்தைக் கோக்கிறோம், அச்சைக் கோக்கிறோம், கணினியில் உள்ளதற்கும் கோப்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். மூன்றும் ஒரே சொல்லில் பிறந்தவை! கோத்தது சிதறினால் குற்றம் நூலினுடையதா, கையினுடையதா?

பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது சும்மா அன்று. ஆசிரியை முதல் நாளே சொன்ன அந்த ஒரு மணி நேரத்தை இப்போது கொடுத்தோம். ஒன்று மூன்று மாலைகளாயிற்று. எதையும் நகர்த்தாமல், எதையும் நீக்காமல், புதிய சாளரத்தின் ஒவ்வொரு மூலையையும் பார்த்தோம்.

பார்க்கப் பார்க்க, அது எங்களைத் துன்புறுத்துவதற்காகச் செய்யப்பட்டது அன்று என்பது புரிந்தது. பழைய மரத்தையும் முழுவதும் வெட்டிவிடவில்லை. ஓரத்தில் ஒரு சிறு குறியை அழுத்தினால் வருகிறது! அதைத் தேடிக்கூடப் பார்க்காமல் நாங்கள் புதிய மரம் நட்டோம். அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் தெரிந்தது. பழைய சாளரம், "பொருள் எங்கே இருக்கிறது?" என்று கேட்டது. புதிய சாளரம், "பொருள் எது?" என்று கேட்கிறது. இடம் தெரியாவிட்டாலும் பெயரோ நாளோ குறிச்சொல்லோ தெரிந்தால் போதும், எடுத்துத் தருகிறது. ஆனால் நாங்கள் வைத்திருந்த பெயர்களைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'உண்மையான கடைசி'!

எங்கள் ஐவருள் ஒருத்தியின் தந்தையார் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் வ.உ.சி. பெயர் சூட்டப்பட்ட நம் துறைமுகம்தான். அங்கே கன்டெய்னர் பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருக்கின்றனவே, எதை எங்கே வைத்தோம் என்று எப்படி நினைவு வைப்பீர்கள் என்று கேட்டோம். "இடத்தை நம்பினால் தொலைந்தோம், அம்மா. இன்று இங்கே இருப்பது நாளை அங்கே இருக்கும். பெட்டியின் எண்ணை நம்புகிறோம்" என்றார். ஒவ்வொரு பெட்டிக்கும் 4 எழுத்துகளும் 7 இலக்கங்களும் உண்டு. முதல் 3 எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். நான்காவது எழுத்து வகையைக் குறிக்கும். பிறகு 6 இலக்க வரிசை எண். கடைசி இலக்கம், முன்னால் உள்ளவற்றைத் தவறாக எழுதிவிட்டோமா என்று கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதற்காம். உலகின் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை.

நம் முன்னோரும் இந்தக் கலையில் குறைந்தவர் அல்லர். முத்துக்குளிப்பு நடந்த நாள்களில் முத்துகளைத் தரம் பிரிக்கக் கிண்ணம்போன்ற பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பெட்டி என்று பெயர். மொத்தம் 10 பெட்டிகள். முதற்பெட்டியில் 20 துளைகள். பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசிப் பெட்டியில் 1000 துளைகள். துளை கூடக் கூட அதன் அளவு சிறுக்கும். ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து அளவு பார்த்து, பிறகு வடிவமும் ஒளியும் பார்த்து, ஆணி, கலிப்பு, குறவல், தூள் என்று பெயரிட்டு விலை வைப்பார்கள். தூளைக்கூட எறிந்துவிடவில்லை, அதற்கும் ஒரு பெயர், ஒரு விலை! நம் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. ஆனால் சலிக்காமல் எறியாதே என்ற பாடம் நின்றுபோக வேண்டியதில்லை.

எனவே தங்கைமாரே, நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகளை உங்களுக்கு விட்டுச் செல்கிறோம்.

படத்தைக் கணினியில் ஏற்றிய அன்றே பெயரிடுங்கள்: முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், நிகழ்ச்சி, வரிசை எண். ஆண்டை முன்னால் வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைக் குறிச்சொல்லாக எழுதிவையுங்கள். பக்கத்தில் வைத்துவிட்ட படத்தை நகர்த்தாதீர்கள்; பெயரை மாற்றாதீர்கள். வேறு வரிசையில் பார்க்க ஆசையானால் 'தொகுப்பு' உண்டாக்குங்கள். அது படத்தை அசைக்காமல் வரிசையை மட்டும் மாற்றிக் காட்டும். தொகுப்பிலிருந்து எடுப்பது வேறு, கணினியிலிருந்து நீக்குவது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று சிஸ்டரின் அலமாரியில் உள்ள தனி வட்டில், ஒன்று பள்ளிக்கு வெளியே. மலர் அச்சாகி வீடு சேரும்வரை குப்பைக் கூடையைக் காலி செய்யாதீர்கள். கணினி "நிச்சயமாகவா?" என்று கேட்டால், அது வெறும் சடங்கு என்று நினையாதீர்கள்.

இப்போது தேடற்பெட்டியில் 'சங்கு' என்று தட்டினால், கண்காட்சிப் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றின் நடுவே அவரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பழைய மரத்தால் இதைச் செய்திருக்க முடியாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம்.

அச்சகத்திலிருந்து மெய்ப்புத் தாள் வந்த அன்று, சிஸ்டரிடம் அனுமதி பெற்று, தோழியோடு அவள் வீட்டுக்குப் போனோம். கடற்கரையை ஒட்டிய தெரு. வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அவள் அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்கள். கட்டுரையைப் படிக்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள். படம் தொலைந்து கிடைத்த கதையைத் தோழியே மெல்லச் சொன்னாள். அம்மா அதைக் காதில் வாங்கினார்களா என்று தெரியவில்லை. விரலால் படத்தைத் தொட்டு, "காலரு ஒரு பக்கம் மடங்கியிருக்கு, பாரு. அன்னைக்கே சொன்னேன். கேக்காம ஓடிட்டாரு" என்றார்கள்.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அந்தக் காலரை நிமிர்த்த இரண்டு நிமிடம் போதும். எப்படி என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் படம் இம்மலரில், எங்கள் தோழியின் கட்டுரையோடு வெளிவந்திருக்கிறது. காலரை நாங்கள் தொடவில்லை.

— மலர்க் குழுவினர், 11-ஆம் வகுப்பு